நிலவறைப் பால்

இக்னேஷியஸுக்குப் பால் கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது நான் கேண்டீன் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காப்பியில் பால் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரின் நிறம் சற்று மாறியிருந்தது. செய்தியைக் கேட்ட பிறகு அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

என் பெயர் சண்முகவேல். மாநிலக் காற்றோட்ட வாரியத்தில் உதவியாளர். என்னைப் பொறாமைக்காரன் என்று இரண்டொருவர் சொல்வதுண்டு. அது தப்பு. யாருக்கு எது கிடைக்கிறது, அது ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்று கவனித்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். ஓர் அலுவலகத்தில் யாராவது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா?

சினிமாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எதுவானாலும் எத்தனை ஜன்னல் வைக்க வேண்டும் என்று எங்கள் வாரியம்தான் சொல்லும். வைத்தார்களா என்று பார்ப்பது எங்கள் வேலையில்லை. மவுண்ட் ரோட்டில் வெளிச்ச வாரியத்துக்கு ஆறு மாடிக் கட்டடம் எழும்பியதும் எங்கள் தலைவருக்குத் தூக்கம் போயிற்று. அலைந்து திரிந்து தி. நகரில், பனகல் பூங்காவுக்கு அருகே, ஏழு மாடி கட்டினார். அதிலும் மனசு ஆறவில்லை. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும் என்று தரைக்கு அடியில் தோண்டச் சொன்னார். இப்படித்தான் எங்களுக்கு நிலவறைக் கார் நிறுத்தம் வந்தது.

நிலவறைக்குக் காற்றுப் போக ஒரு பெரிய துவாரம் விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முதல் நாள், கல்வெட்டுப் பதிக்க இடம் தேடினார்கள். புதுச் சுவரை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. துவாரம் தயாராக இருந்தது, அளவும் சரியாக இருந்தது. கல்வெட்டில் தலைவர் பெயர் தங்க எழுத்தில் பளபளத்தது.

அதோடு மணி முறை ஒன்று இருந்தது. தலைவர் வீட்டுக்குக் கிளம்ப நாற்காலியை விட்டு எழுந்ததும் அவருடைய பியூன் ஒரு பொத்தானை அழுத்துவான், நிலவறையில் மணி அடிக்கும். உடனே எல்லா அம்பாஸடர்களும் ஃபியட்களும் எஞ்ஜினைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். தலைவர் வண்டிக்குப் பின்னால் பதவி வரிசைப்படி மற்ற அதிகாரிகள் வண்டி போகும். ஒரு வண்டி கிளம்பத் தாமதித்தால் அந்த அதிகாரியின் மானம் போய்விடும். ஆனால் தலைவர் எழுந்ததும் டெலிபோன் வரும், மறுபடி உட்காருவார். பகலில் பத்துத் தடவையாவது எழுவார். எஞ்ஜின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவர்கள் வண்டியை ஓடவிட்டுவிட்டு மேலே போய்ப் பீடி பிடிப்பார்கள். கீழே இருப்பது இக்னேஷியஸ் மட்டும்தான்.

அவன் சாந்தோம்காரன். பரம சாது. நிலவறையில் ஒரு மரக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தான். அப்புறம் மத்தியானம் தூங்கி விழுந்தான். அப்புறம் வாந்தி. "ஒரு விசிறி வெச்சுக் காத்தை வெளிய தள்ளினாப் போதும் சார்" என்று மனு கொடுத்தான். காற்றோட்ட வாரியத்தின் வரலாற்றில் வாரியத்திடமே ஒருவன் காற்றுக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைவர் நெகிழ்ந்துபோய் ஒரு கமிட்டி போட்டார்.

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலவறையைப் பார்வையிட்டது. ஒரு வண்டியும் இல்லை. எல்லாரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் அனந்தராமன், "பிரமாதமா இருக்கே, ஊட்டி மாதிரின்னா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். வாரியத்தில் காற்றைப் பற்றிப் படித்தவர் ஒரே ஒருவர்தான், ஜெயபாரதி என்ற பொறியாளர். அவரை நூலகத்தில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் அழைத்திருந்தார்கள்.

"சார், வண்டிப் புகையில கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு இருக்கு" என்றார் ஜெயபாரதி. "நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி வரும், தூக்கம் வரும், வாந்தி வரும். சில பேருக்குக் கன்னம் சிவந்து, பார்க்க ரொம்ப நல்லா இருக்கற மாதிரிகூடத் தோணும். அப்புறம் ஆளே போயிடலாம். அந்தக் கல்வெட்டை எடுத்துட்டு அங்க ஒரு விசிறி வெச்சுடலாம்."

"நெறமும் இல்லை, வாசனையும் இல்லைன்னா அதை ஆடிட்ல எப்படிக் காட்டறது?" என்றார் அனந்தராமன்.

தலைவர் கையமர்த்தினார். "அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் கல்லுல பேரு இருக்கு. நீங்க சொல்ற வாயுவுல ஒண்ணுமே இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. பேர் உள்ளதை எடுத்துட்டு ஒண்ணும் இல்லாததுக்கு வழி விடச் சொல்றீங்களே, நியாயமா? இந்த வாரியம் அறிவியலுக்கு விரோதி இல்லை. அளந்து பார்ப்போம்."

அளக்கும் கருவி ஜெர்மனியிலிருந்து வெல்வெட் பெட்டியில் வந்தது. கண்ணாடிக் குழாய், அதில் மஞ்சளாக ஏதோ பொடி, ஒரு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் காற்று குழாய்க்குள் போகும், விஷ வாயு இருந்தால் பொடியின் நிறம் மாறும். இவ்வளவு உசத்தியான சாமானைப் புகைக்குள் கொண்டுபோனால் கெட்டுவிடும் என்று தலைவர் அதைத் தம் ஏசி அறையிலேயே வைத்துக்கொண்டார். தினமும் காலையில் அங்கேயே பந்தை அமுக்கிப் பார்ப்பார். நிறம் மாறாது. வாசலில் ஒரு பலகை தொங்கும்: 'இன்றைய காற்று: தூய்மை.'

இந்தச் சமயத்தில்தான் சங்கச் செயலாளர் ஷாஹுல் ஹமீது வாசல் கூட்டத்தில் முழங்கினார். "தோழர்களே! விசிறி கேட்டோம், கமிட்டி குடுத்தாங்க. காத்து கேட்டோம், பலகை குடுத்தாங்க. அச்சாபீஸ்ல ஈயத்துல நிக்கறவனுக்குப் பால் உண்டு. பெயிண்ட் கம்பெனியில பால் உண்டு. விஷப் புகையில உக்காந்திருக்கற நம்ம இக்னேஷியஸுக்கு ஒரு டம்ளர் பால் கிடையாதா?"

நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன். கிடைக்காது என்ற நம்பிக்கை இருந்தது.

தலைவர் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். "விசிறின்னா டெண்டர் விடணும், மின்சாரப் பிரிவைக் கேட்கணும். பாலுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றாராம். அரசாங்கப் பால் வெளியே போய்விடக் கூடாது என்பதால் ஒரு நிபந்தனை போட்டார்கள். பாலை அங்கேயே, ஒரு கண்காணிப்பாளர் முன்னிலையில் குடிக்க வேண்டும். குடித்ததாக அவர் கையெழுத்திட வேண்டும். அந்தப் பொறுப்பு அனந்தராமனுக்கு வந்தது.

கேண்டீன் மொட்டை மாடியில். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். ஆகவே தினமும் பதினோரு மணிக்கு அந்தப் பால் ஏழு மாடிப் படிகளிலும் இறங்கி, எல்லாப் பிரிவுகளையும் கடந்து, நிலவறைக்குப் போயிற்று. என் மேஜை படிக்கட்டை ஒட்டி, ஜன்னலோரம். கேண்டீன் தேவானை பெரிய வெண்கல டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு வருவாள். ஆவி பறக்கும். மேலே ஏடு கட்டியிருக்கும். அந்த ஏட்டைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"தள்ளு சார், சூடா கீது. மேல கொட்டிக்கினா நான் பொறுப்பில்ல" என்பாள்.

"கொஞ்சம் நில்லேன் தேவானை. ஏலக்காய்கூடப் போட்டிருக்கா?"

"இன்னா சார் நீ, ஒரு நாள் மாதிரி தெனம் கேட்டுக்கினு கீற. அந்த ஆளு பாவம், வாந்தி வாந்தியா எடுக்குது. அது வாய்க்குப் போறதுல கண்ணு வெக்கிறியே."

வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். மந்தைவெளி பால் டிப்போவில் கோழி கூவும்போதே கார்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவள் என் மனைவி பங்கஜம். முன்னால் நிற்பவள் இரண்டு பாட்டில் வாங்கினால் அன்றைக்கு முழுவதும் வீட்டில் பாத்திரங்கள் சத்தம் போடும்.

"ஏங்க, அந்த ஐவி புருஷனுக்கா?" என்றாள். ஐவி என்பது இக்னேஷியஸின் மனைவி, சாந்தோமில் டீச்சர். "கையில கொண்டுவந்து குடுக்கறாங்களா? காய்ச்சியா? சர்க்கரை போட்டா? நீங்களும் அதே ஆபீஸ்லதான இருக்கீங்க. உங்களுக்கு ஒரு தலைவலி வரக்கூடாதா?"

எனக்கு வந்தது. எனக்கு மட்டுமில்லை, அந்த வாரமே இரண்டாம் மாடி முழுவதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாம் மாடியில் ஒருவர் மயங்கியே விழுந்தார். விழுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். விஷ வாயு படிக்கட்டு வழியாக மேலே வருகிறது என்று அனந்தராமன் நீண்ட மனு எழுதினார். அந்த வாயுவை ஆடிட்டில் காட்ட முடியாது என்று சொன்ன அதே அனந்தராமன்.

அவர் நிலைமை என்னுடையதைவிட மோசம். நானாவது பாலைப் போகிற வழியில் பார்த்தேன். அவர் தினமும் எதிரே நின்று குடிப்பதைப் பார்க்க வேண்டும். ஒருநாள் திரும்பி வந்து என் மேஜையருகே நின்று பெருமூச்சு விட்டார்.

"ஓய் சண்முகவேல், அவன் கன்னத்தைப் பாத்தீரா? என்னமாச் செவந்திருக்கு! பழம் மாதிரி. எல்லாம் பால். எங்காத்துல எனக்கு மோர்கூடப் பெருக்கித்தான் விடறா. என்னால பாத்துண்டு நிக்க முடியலை ஓய். மூஞ்சியத் திருப்பிண்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தான் அந்த அநியாயம் நடந்தது. ஒருநாள் வேலையில்லாத வேலையாக நிலவறைக்கு இறங்கிப் போனேன். இக்னேஷியஸ் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ஒரு தகரத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தான். வண்டிகளுக்கு அடியிலேயே வாழ்ந்த ஒரு பூனை, ஏட்டோடு, நக்கிக்கொண்டிருந்தது.

"குடிச்சா வயித்துல நிக்க மாட்டேங்குது சார்" என்றான். "எனக்குப் பால் வேணாம். நான் கேட்டது காத்துதானே. யாராவது சொல்லக்கூடாதா?"

நான் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதனைப் பார்த்து வயிறெரிவது வேறு. அது ஒரு பூனை, பரீட்சை எழுதிச் சர்வீஸில் சேர்ந்ததில்லை, அதற்கு ஏட்டுப் பால். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

பூனை நாளுக்கு நாள் அதிகம் தூங்கியது. ஒருநாள் எழுந்திருக்கவில்லை. ஜெயபாரதி ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னார். விசாரணை நடந்தது. பூனைக்குப் பால் தவிர வேறு ஆகாரம் இல்லை என்று மூன்று டிரைவர்கள் சாட்சி சொன்னதால், அளவுக்கு மீறிப் பால் குடித்ததே மரணத்துக்குக் காரணம் என்று முடிவாயிற்று. ஊழியர் நலன் கருதி, முழு டம்ளரை முக்கால் டம்ளராகக் குறைத்தார்கள். ஜெயபாரதியை வெளிச்ச வாரியத்தின் நூலகத்துக்கு மாற்றினார்கள்.

எங்கள் தலைவலிகளுக்கும் ஒரு வழி பிறந்தது. ஷாஹுல் ஹமீது வாதாடி முறை வைத்துக் கொடுத்தார். இரண்டு இரண்டு பேராக, பதவி மூப்புப்படி, காலையில் ஒரு மணி நேரம் நிலவறையில் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டால் அன்றைக்கு அவர்களுக்கும் பால். மூத்தவர்கள் போய் வந்து ஏட்டைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார்கள். எஞ்ஜின் ஓடாத நேரத்தில் உட்கார்ந்தது செல்லாது என்று கணக்குப் பிரிவு சொல்லிவிட்டதால், பெஞ்சில் இருப்பவர்கள் டிரைவர்களைக் கெஞ்சி ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். இக்னேஷியஸ் கூண்டுக்குள் மேஜைமேல் தலையைச் சாய்த்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். என் முறை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது விசிறி வந்துவிட்டது.

மவுண்ட் ரோட்டில் வெளிச்ச வாரியம் தன் சைக்கிள் கொட்டகைக்குப் புகை தள்ளும் விசிறி போட்டதாக யாரோ தலைவர் காதில் ஓதிவிட்டார்கள். டெண்டரும் இல்லை, கமிட்டியும் இல்லை. அந்த வாரமே நிலவறையில் வண்டிகள் இறங்கும் சரிவுப் பாதையின் பக்கச் சுவரை உடைத்து, அவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒன்றை மாட்டினார்கள். சாமந்தி மாலை போட்டார்கள். தலைவர் பொத்தானை அழுத்தினார்.

"காற்று என்பது மக்களுடையது" என்றார் தலைவர். "அதை உள்ளே வரவிட வேண்டுமா, வெளியே போகவிட வேண்டுமா என்று முடிவு செய்வதுதான் ஒரு வாரியத்தின் கடமை. இந்த விசிறிக்கு எதிரே நிற்கும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. மவுண்ட் ரோட்டுக்காரர்கள் இதை வந்து பார்க்க வேண்டும்."

அவர் பேசி முடிக்கும்வரை விசிறி ஓடியது. இக்னேஷியஸ் கூண்டை விட்டு வெளியே வந்து அதற்கு நேராக நின்றான். சட்டை படபடத்தது. கண்ணை மூடிக்கொண்டு மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து சுற்றறிக்கை. விசிறி ஓடினால் காற்று சுத்தமாகிவிடும். சுத்தமான காற்றுக்குப் பால் வழங்க விதியில்லை.

அன்று மாலையே அவசரப் பொதுக்குழு. ஷாஹுல் ஹமீது முழங்கினார். "தோழர்களே! போராடி வாங்கின பாலை ஒரு விசிறியைக் காட்டிப் பறிக்கப் பாக்கறாங்க. இன்னும் பாதிப் பேரு உக்காரவே இல்லை. ஒவ்வொரு தோழருக்கும் ஒரு தடவையாவது பால் கிடைக்கற வரைக்கும் அந்த விசிறி ஓடக் கூடாது!"

இக்னேஷியஸ் பின்வரிசையில் எழுந்து நின்றான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. "மத்தியானம் ஒரு மணி நேரமாவது போடுங்க சார். என்னோட பாலை யாரு வேணும்னாலும் எடுத்துக்குங்க. பொண்டாட்டி, புள்ள இருக்கு சார் எனக்கு."

எல்லாரும் அவனை உருக்கமாகப் பார்த்தார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். விசிறி ஓட வேண்டாம் என்று முதலில் தூக்கியது நான்தான். எனக்கு முன்னால் இரண்டே பேர்தான் பாக்கி, ஒருவர் அனந்தராமன்.

அந்த வாரக் கடைசியில் இக்னேஷியஸ் கூண்டுக்குள்ளேயே சரிந்து கிடந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் தூங்குகிறான் என்று நினைத்தார்கள். அவர்களுக்கே தூக்கமாகத்தான் இருந்ததாம். தேவானைதான் டம்ளரைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடி, டிரைவர்களைக் கூப்பிட்டு, அவனைச் சரிவுப் பாதையில் இழுத்து வந்து பிளாட்பாரத்தில் போட்டாள். வெளிக்காற்று பட்டு நெடுநேரம் கழித்துக் கண் விழித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டான் என்றார். இனிமேல் அவன் திறந்த ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

நிலவறைக் கூண்டு காலி. ஆபத்து நிரூபணமாகிவிட்டதால் முக்கால் டம்ளரை மறுபடி முழு டம்ளராக்கினார்கள். முறையெல்லாம் கிடையாது, தினமும் பால். கூண்டைக் கேட்டு இருபது மனுக்கள் வந்தன. இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் கோட்டையிலிருந்தே வந்தன. அனந்தராமன் மேல்பதவியை விட்டுக் கீழே இறங்கத் தயார் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆனால் டாக்டர் ஜன்னல் கேட்டிருந்தார். எங்கள் பிரிவில் ஜன்னலோர மேஜை ஒன்றே ஒன்று. அது என்னுடையது. பனகல் பூங்காவின் மரங்கள் தெரியும், சாயங்காலம் கடல் காற்று வரும். அதை இக்னேஷியஸுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதினேன். தலைவர் என் தியாகத்தைப் பாராட்டி எனக்குக் கூண்டைக் கொடுத்தார்.

பங்கஜம் அன்று பாயசம் வைத்தாள். டிப்போ வரிசையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

கூண்டில் உட்கார்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். இப்போதெல்லாம் காலையில் எழும்போதே மண்டை கனக்கிறது. எழுத்துக்கள் வரியை விட்டு இறங்குகின்றன. வயிற்றைப் புரட்டுகிறது. சுவரில் விசிறி இருக்கிறது, மாலை காய்ந்து தொங்குகிறது. பொத்தானைப் பூட்டி, சாவியைச் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மாடியில் என் ஜன்னலருகே இக்னேஷியஸ் தெளிந்த முகத்தோடு வேலை பார்க்கிறானாம். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என் காற்று அது. பங்கஜம் மட்டும், "கன்னமெல்லாம் சிவந்து மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று தினமும் திருஷ்டி கழிக்கிறாள்.

ஜெயபாரதி கூட்டத்தில் சொன்னதை எழுதிக்கொண்டவன் நான். கண்ணாடியில் என் கன்னத்தைப் பார்க்கும்போது அது ஞாபகம் வருகிறது. இன்று மேலே போய், விசிறியைப் போடுங்கள் என்று சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

பதினோரு மணிக்குத் தேவானை வந்தாள். டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "வேணாம் சார், எந்திரிச்சுப் பூடு" என்றாள். பின்னாலேயே கையெழுத்துப் போட அனந்தராமன் வந்தார். மணி அடித்தது. எல்லா எஞ்ஜின்களும் ஒன்றாக உறுமின.

பாலில் ஏடு கனமாக மிதந்தது. பார்த்ததும் குமட்டியது. அனந்தராமன் இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டம்ளரையே பார்த்தார். அப்புறம் என்னை.

"என்ன ஓய், முடியலையா? மண்டையை வலிக்கறதோ?" என்றார். குரலில் அத்தனை கனிவு. "முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லிடும். நான் இருக்கேன். என் மனு மேலேயேதான் இருக்கு."

"வலியா? எனக்கென்ன வலி. இவ்வளவு நல்லா நான் இருந்ததே இல்லை" என்றேன்.

டம்ளரைத் தூக்கி, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். ஏடு மீசையில் ஒட்டிக்கொண்டது. அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அதைத் துடைக்கவில்லை.